கலைஞரின் கனவு இல்லம்: 3.50 லட்சம் மானியம் எப்படிக் கைக்கு வரும்?

கேள்வி: காலமான அப்பா பெயரில் உள்ள இடத்தில் ஓலைக்குடிசையில் இருக்கிறோம். ஊராட்சி மூலம் 3.50 லட்சம் கிடைக்குமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்டத் தமிழக அரசு மானியம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் 3.50 லட்சமும் பணமாக வராது. 2024-25-இல் தொடங்கியபோது போட்ட கணக்குப்படி, திட்ட நிதி 3.10 லட்சம். மீதி சுமார் 40,000 ரூபாய் என்பது நூறு நாள் வேலையில் உங்கள் வீட்டுக்கே நீங்கள் உழைக்கும் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கான 12,000 ரூபாயும். வேலை அட்டை இல்லாவிட்டால் அந்தக் கூலி கைவிட்டுப் போகும்.

முதல் வேலை பட்டாதான். வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அது கூட்டுப் பட்டாவாகத்தான் வரும். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து தரவேண்டும். இல்லையென்றால் உங்கள் பங்கை அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா எடுக்கவேண்டும். சர்வேயர் வந்து அளக்கக் காத்திருக்கும் காலத்தில்தான் பலருக்கு அந்த ஆண்டுப் பட்டியல் தவறிப்போகிறது. நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்) என்றால் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அந்த இடத்தில் கட்ட முடியாது. வேறு மனைக்குத் தனியாக மனுக் கொடுக்கவேண்டும்.

குடிசைக் கணக்கெடுப்பில் உங்கள் வீடு இருக்கிறதா என்று ஊராட்சிச் செயலரிடம் பாருங்கள். இல்லையென்றால் கிராம சபையில் எழுத்து மனுக் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் சபை கூடும். வாடகைக்கு விட்ட குடிசை, மாட்டுக்கொட்டகை எதுவும் கணக்கில் வராது.

வேலை உத்தரவு கைக்கு வரும்வரை குடிசையைப் பிரிக்காதீர்கள். அதிகாரிகள் நேரில் பார்த்துப் படம் எடுப்பதற்கு முன் இடித்துவிட்டால், அங்கே குடிசை இருந்தது என்பதற்கே சாட்சி இருக்காது.

வேலை முடிய முடியத்தான் பணம் வரும். அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் உத்திரம்), கூரை, முடிவு என ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சீயர் பார்த்துப் படம் ஏற்றிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். சிமெண்டும் கம்பியும் துறை வழியாகத் தந்தால் அதன் விலை கழிக்கப்படும். ஆக, முதல் தவணை வரும்வரை அஸ்திவாரச் செலவு உங்கள் கைப்பணம். குடிசையில் இருப்பவரிடம் அந்தப் பணம் எப்படி இருக்கும்? இத்திட்டத்தில் பெரிய குறையே இதுதான். கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள். வீட்டுப் பெண்கள் மகளிர் குழுவில் இருந்தால் குழுக் கடனை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஆதார் இணைக்காத, நெடுநாள் இயங்காத கணக்கைக் கொடுத்தால் தவணை திரும்பிப் போகும்.

அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். மீதி 60-க்கு தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம். பாதியில் நின்றுபோகும் வீடுகளில் பல இந்த அளவை மீறியவை. கடைக்கால் தோண்டும்போதே ‘இன்னொரு ரூமும் சேர்த்துக்கலாம்’ என்று 500, 600-க்குப் போவார்கள், மானியமோ 360-க்குரியதுதான். லிண்டல் மட்டத்தில் பணம் தீரும், அடுத்த தவணைக்கோ கூரை போட்டாக வேண்டும். கூடுதல் அறை வேண்டுமென்றால் அந்தப் பக்கம் இடம் விட்டு வைத்துப் பிறகு கட்டுங்கள்.

கூரைக்குப் பொருளை முன்பே சேர்த்து வையுங்கள். நாலரை அங்குலக் கனத்தில் 300 சதுர அடித் தளத்துக்கு ஏறக்குறைய 112 கன அடி கான்கிரீட். 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்குச் சுமார் 26 மூட்டை சிமெண்ட், 250 கிலோ கம்பி ஆகும். பீம், லிண்டல், சன்ஷேடு எல்லாம் தனி. மேஸ்திரி தண்ணீரைக் கூட்டி ஊற்றி வேலையைச் சுளுவாக்கப் பார்ப்பார், விடாதீர்கள். பின்னாளில் தளம் ஒழுக அதுவும் ஒரு காரணம். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கவேண்டும்.