ரோஜா இலையில் கறுப்புப் புள்ளி

கேள்வி: மொட்டை மாடியில் 10 தொட்டி ரோஜா வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இலையெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து, மஞ்சளாகிக் கொட்டுகிறது. உரம் போதவில்லையா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உரத்தை முதலில் ஓரமாக வையுங்கள், இது பூஞ்சை. ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளியின் ஓரம் வெட்டினாற்போல் இல்லாமல், செய்தித்தாளில் மைத்துளி ஊறினது மாதிரி இழை இழையாகப் பரவி, சுற்றிலும் மஞ்சள் படர்ந்திருந்தால் கரும்புள்ளி நோயேதான். பெரும்பாலும் அடி இலையில்தான் ஆரம்பிக்கும், ஏனென்றால் கீழே உதிர்ந்து கிடக்கும் இலையிலிருந்து மழைத்துளி தெறிக்கும்போது பூஞ்சையின் வித்துகள் மேலே ஏறிக்கொள்கின்றன, அப்புறம் இலை 7, 8 மணி நேரம் காயாமல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் சென்னையில் அதற்குக் கேட்கவா வேண்டும்!

புள்ளி விழுந்த இலைகளைப் பறித்து, கொட்டியதையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரத்தொட்டியில் வேண்டாம் (நான் ஒரு முறை போட்டு அனுபவித்திருக்கிறேன்). தொட்டிகளைக் காற்று போகிற மாதிரி ஒரு முழம் தள்ளி வையுங்கள். தண்ணீர் காலையில், வேரில் மட்டும். மழை விட்ட நாளாகப் பார்த்து, மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள், கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், அந்தப் பூவில் குல்கந்து போடக் கூடாது. விழுந்த புள்ளி மறையாது, புதுத் துளிர் சுத்தமாக வந்தால் சரி.