ஒன்றின் இடத்தில் இரண்டு

கேள்வி: அண்ணே, எங்கள் அம்மன் கோயில் ஆம்ப்ளிஃபயரில் ஒரே உறுமல். பவர் சப்ளையில் 4700 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் கப்பாசிட்டர் இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்று தலை உப்பிவிட்டது. மீட்டரில் பிளஸ் 45, மைனஸ் 45 காட்டுகிறது. இங்கே கடையில் 2200-63, 4700-35 இரண்டும்தான் கிடைக்கின்றன. ஒரே வகையில் இரண்டைச் சேர்த்து ஒன்றின் இடத்தில் போடலாமா? தீமிதி நெருங்குகிறது.
— வாசகர், பெகு (மியான்மர்)

பதில்: தாராளமாகப் போடலாம் தம்பி. 2200-63 வாங்குங்கள், ஆனால் ஒன்றுக்கு இரண்டாக மொத்தம் நான்கு வாங்குங்கள். உப்பாத கப்பாசிட்டரும் அதே சூட்டில் அதே காலம் வெந்ததுதான். அதை விட்டுவைத்தால் திருவிழா நடுவில் காலை வாரிவிடும்.

பேரலலாக, அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து இணைத்தால் இரண்டும் கூடி 4400 ஆகும். இந்த வகைக் கப்பாசிட்டரில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். அதனால் 300 குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். வோல்ட் மட்டும் கூடிவிடாது, அதே 63 தான். கடைக்காரர் 50 வோல்ட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் பக்கம் ராத்திரியில் கரண்ட் ஏறுவது உங்களுக்கே தெரியும். 230 இருக்க வேண்டியது 250 ஆனால், உங்கள் 45 ஏறக்குறைய 49 ஆகிவிடும்.

4700-35 இரண்டை சீரியலாக, அதாவது ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டால் வோல்ட் 70 ஆகும், மதிப்போ பாதியாகி 2350. அதுவும் போக, இரண்டின் லீக்கேஜும் (உள்ளே கசியும் கரண்ட்) ஒன்றுபோல இருக்காது. ஒன்றின் தலையில் அதிக வோல்ட் ஏறி அதுதான் முதலில் போகும். அதைச் சமன்செய்ய ஒவ்வொன்றின் குறுக்கேயும் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். கோயில் செட்டுக்கு அந்த வேலை வேண்டாம்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மைனஸ் 45 பக்கத்தில் கப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போகும், மைனஸ் கால்தான் சப்ளைக்கு. பழக்கதோஷத்தில் மாற்றி வைத்தால் வெடிக்கும், முகத்துக்கு நேராக. பழையதைக் கழற்றுமுன் போர்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும். 1 கே (1000 ஓம்), 5 வாட் ரெசிஸ்டரைக் கால்களின் குறுக்கே அரை நிமிடம் பிடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஒன்றைப் பழைய ஓட்டையிலேயே சால்டர் செய்யுங்கள். அடுத்ததைத் தடித்த, குட்டையான ஒயரில் பக்கத்திலேயே இணைத்துப் பசை போட்டு ஆடாமல் ஒட்டுங்கள். சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க் மேல் சாயக்கூடாது. 105 டிகிரி சூடு வரை தாங்கும் என்று எழுதியது கிடைத்தால் அதையே எடுங்கள். பழைய போர்டில் கழற்றியதைப் புதியதோடு ஜோடி சேர்க்காதீர்கள்.

முதல் தடவை கரண்ட் போடும்போது ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, கரண்ட் வரும் லைனில் 100 வாட் குண்டு பல்பை சீரியலாக வையுங்கள். பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் அணைத்துவிட்டு, முதலில் கப்பாசிட்டர் காலை மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அப்புறம் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடை மீட்டரில் சோதியுங்கள்.