நீர்வண்ண ஓவியத்தில் சில நிறங்களை மட்டும் வைத்து வரைகிறார்களே, அது ஏன்?

பெட்டியில் 24 நிறம் இருந்தாலும், ஒரு படத்துக்கு இரண்டு முதல் நான்கு நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அவற்றைக் கலந்தே உண்டாக்கும் முறை இது. வெள்ளைக்குத் தாளே போதும்.

இப்படி வரைந்த படம் இசைவாகத் தெரியக் காரணம் எளிது. வானம், மண், நிழல் எல்லாவற்றிலும் அதே நிறமிகள்தான் (வண்ணத்துக்கு நிறம் தரும் பொருள்கள்) வெவ்வேறு அளவில் இருக்கின்றன. ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளின் முகச்சாயல் மாதிரி, உறவு தெரிந்துவிடும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும். பர்ன்ட் சியன்னா பார்க்கப் பழுப்பு; உண்மையில் மங்கிய ஆரஞ்சு, அதாவது நிறச்சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே இருக்கும் எதிர்நிறம். அதனால் இரண்டும் ஒன்றையொன்று தணித்துச் சாம்பல் தரும். நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் ஈர மண். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பே வந்துவிடும். ஆனால் பச்சை வராது. இலை வேண்டுமென்றால் ஒரு மஞ்சளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரே நிறமியால் ஆன ட்யூபாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே கலவையாக இருப்பவற்றை மேலும் கலந்தால் நிறம் சீக்கிரம் சேறு மாதிரி மங்கிவிடும்.

சிவப்பு, மஞ்சள், நீலம் இருந்தால் எல்லா நிறமும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எந்தச் சிவப்பு என்பதும் முக்கியம்: ஆரஞ்சுச் சாய்வுள்ள சிவப்போடு நீலம் சேர்ந்தால் பளிச்சென்ற ஊதா வராது, பழுப்பேறிய ஊதாதான் வரும்.