போர், தேர்தல், இறக்குமதி வரி: 401-கே பணத்தை வெளியே எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். பழைய கம்பெனியின் 401-கே (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் 4 லட்சத்து 20 ஆயிரம் டாலர் இருக்கிறது, முழுவதும் எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீடு) ஃபண்டில். 2008 அக்டோபரில் பயந்துபோய் எல்லாவற்றையும் மணி மார்க்கெட்டுக்கு (ரொக்கம் மாதிரி, அதிகம் ஏறி இறங்காத ஃபண்டுக்கு) மாற்றினேன். மறுபடி பங்குக்கு வந்தது 2013இல்தான். 2025 ஏப்ரலில் இறக்குமதி வரி அறிவிப்பு வந்ததிலிருந்து அதே பயம். போர்ச் செய்திகள் வேறு. அபராதம் போனாலும் பரவாயில்லை, எடுத்துச் சென்னையில் ரூபாய் எஃப்.டி.யில் போடலாம் என்கிறார் கணவர். இரண்டு வருடத்தில் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவளுடைய கல்லூரிச் செலவுக்கான 529 சேமிப்புக் கணக்கும் பங்கில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: 2008 என்று படித்ததும் எனக்கு அந்த செப்டம்பர் 29 நினைவுக்கு வந்தது. லேமன் பிரதர்ஸ் திவாலாகி இரண்டு வாரம். வங்கிகளைத் தூக்கி நிறுத்த புஷ் அரசு கேட்ட 70,000 கோடி டாலர் மசோதாவுக்குப் பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 205, எதிர்ப்பு 228. ஓட்டு விழ விழ, டிவியின் மூலையில் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீட்டு எண்ணும் விழுந்துகொண்டே போனது. அன்று மட்டும் 777 புள்ளி. மறுநாள் ஒரு தம்பதி, மளிகைப் பை நிறைய ஸ்டேட்மென்ட் கவர்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். ஜூலையிலிருந்து ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "நீங்களே பிரிங்க, எங்களுக்குக் கை வரல" என்றார் அந்த அம்மா. அதனால் நீங்கள் அன்று பயந்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததைப் பாருங்கள். நான்கே நாளில் மசோதா நிறைவேறியது. சந்தை நிற்கவில்லை. ஒபாமா பதவிக்கு வந்து 78,700 கோடி டாலர் ஊக்கத் திட்டத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் இறங்கியது. 2009 மார்ச் 9 அன்று எஸ் அண்ட் பி 676க்கு வந்து, அங்கிருந்து திரும்பியது. வேலையின்மையோ கூடிக்கொண்டே போய் அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. அந்த மாதம் குறியீடு 1,000க்கு மேலே இருந்தது. செய்தி சரியாகட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் கிடைக்கவே இல்லை. நீங்கள் வெளியேறிய அக்டோபரின் நடுவில் குறியீடு 900 பக்கம். 2013 மார்ச் கடைசியில் 1,569. டிவிடெண்டைச் சேர்க்காமலே 70 சதவீதத்துக்கு மேல்.

"அப்போ சந்தை எப்படியும் ஏறிவிடும்" என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 1,569 என்பது 2007 அக்டோபரில் இருந்த உச்சத்தைத் திரும்ப எட்டிய இடம்தான். ஐந்தரை வருடம் ஆகியிருக்கிறது. 2009இல் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு 2013இல் சந்தை மீண்டதால் என்ன பயன்? வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, இந்தப் பணம் உங்களுக்கு எந்த வருடம் வேண்டும் என்பதுதான் முக்கியம். 2016, 2020, 2024 என்று ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும், தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்னிடம் "வித்துடலாமா?" என்று வந்தார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும்தான்.

போரும் நாம் நினைக்கிற மாதிரி அடிப்பதில்லை. 2003 மார்ச்சில் இராக் போர் தொடங்கியது. அந்த வருடம் எஸ் அண்ட் பி 26 சதவீதம் ஏறி முடிந்தது. 2022இல் உக்ரைன் போர் எண்ணெய், தானிய விலையை ஏற்ற, ஏற்கெனவே கூடிக்கொண்டிருந்த விலைவாசி உயர்வு ஜூனில் 9.1 சதவீதத்துக்குப் போனது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை மளமளவென்று உயர்த்தியது. பங்கில் போட்டவர்கள் மட்டுமில்லை, பாதுகாப்பு என்று பாண்டு (கடன் பத்திர) ஃபண்டில் போட்டிருந்தவர்களும் 13 சதவீதம் போல இழந்தார்கள். 2025 ஏப்ரலில் வரி அறிவிப்பு வந்ததும் எஸ் அண்ட் பி இரண்டே நாளில் 10 சதவீதம் போனது. 9ஆம் தேதி டிரம்ப் அந்த வரிகளில் பெரும்பாலானவற்றை 90 நாள் நிறுத்திவைத்ததும் ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. ஜூன் கடைசியில் புதிய உச்சம். அந்த முதல் வாரத்தில் விற்றவர்கள் எந்த நாளில் திரும்பி வந்திருப்பார்கள், சொல்லுங்கள்.

சென்னை எஃப்.டி. வேண்டாம். 59½ வயதுக்கு முன்னால் எடுப்பதால் அபராதமே 42,000 டாலர். அதுபோக முழுத் தொகையும் அந்த வருட வருமானத்தில் சேர்ந்து வரி விழும். அங்கே வரும் வட்டிக்கும் இங்கே வரி உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க அரசுக்கு அதைத் தெரிவிக்கும் எஃப்பார் படிவமும் தர வேண்டும். 2008 தொடக்கத்தில் டாலர் 40 ரூபாய் பக்கம் இருந்தது, 2024 டிசம்பரில் 85ஐத் தாண்டியது. நாளைக்கு டாலரில் செலவு செய்யப்போகிறவர் ரூபாயில் சேமித்தால் வட்டியின் பெரும்பகுதியை இந்தச் சரிவே தின்றுவிடும்.

முதலில் 529ஐக் கவனியுங்கள், அதுதான் அவசரம். முதல் இரண்டு வருடக் கட்டணத்தை இந்த மாதமே அந்தத் திட்டத்துக்குள் இருக்கும் மணி மார்க்கெட் போன்ற பிரிவுக்கு மாற்றுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை இப்படி மாற்றலாம். 401-கே பணம் உங்களுக்கு இன்னும் 14, 15 வருடம் வேண்டாம். ஆனாலும் 2008இல் உங்களால் தாங்க முடியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதை மதிக்க வேண்டும். பங்கை 65 சதவீதத்துக்குக் குறைத்து, மீதியை அதே கணக்கிலுள்ள ஸ்டேபிள் வேல்யூ (மதிப்பு அதிகம் ஏறி இறங்காத ஃபண்ட்) அல்லது குறுகிய காலப் பாண்டு ஃபண்டில் வையுங்கள். கணக்குக்குள்ளேயே மாற்றுவதற்கு வரியும் இல்லை, அபராதமும் இல்லை.

உங்கள் கணவரின் ஓய்வுக்காலப் பணம் எதில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் முழுக்கப் பங்கில் இருந்தால் இந்த 65 மாறும். எழுதுங்கள், சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.