மகனுக்கு 25 வயது... பாலிசியிலிருந்து பெயர் நீங்கும் முன்!

கேள்வி: நான், மனைவி, மகன் மூவருக்கும் சேர்த்து 2017 ஆகஸ்ட்டில் ஃபேமிலி ஃப்ளோட்டர் (ஒரே தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும்) மருத்துவக் காப்பீடு எடுத்தேன். முதலில் 5 லட்சம். 2022-ல் 10 லட்சமாக உயர்த்தினேன். மகனுக்கு மே மாதம் 25 வயது நிறைகிறது. போன வருடம்தான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தான். அலுவலகத்தில் 3 லட்சத்துக்கு குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆகஸ்ட் 12-ல் புதுப்பிக்கும்போது அவன் பெயர் தானாக நீங்கிவிடும், கல்யாணத்துக்குப் பிறகு மனைவியோடு சேர்த்துப் புதிதாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வீசிங் உண்டு, படிவத்தில் எழுதியிருக்கிறேன். என்ன செய்வது?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 25 வயது நிறைந்ததும் பெயர் நீங்குவதைத் தடுக்க முடியாது. ஆனால், அது நீங்கும் அதே நாளில் உங்கள் மகன் பெயரில் ஒரு தனிநபர் பாலிசி தொடங்கியாக வேண்டும். கல்யாணம் வரை காத்திருக்கவே கூடாது.

2017 முதல் நீங்கள் கட்டிய பிரீமியத்தில் அவருக்கும் ஒரு சேமிப்பு சேர்ந்திருக்கிறது; பணமல்ல, காத்திருந்து கடந்த காலம். வீசிங் போன்ற ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை (அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத தொடக்க காலம்) அவர் எப்போதோ கடந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துப் புதிதாக எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். விபத்து தவிர எதற்கும் முதல் 30 நாள் பணம் கிடையாது. ஹெர்னியா, சைனஸ், சிறுநீரகக் கல் போன்றவற்றுக்கு வழக்கமாக 24 மாதம். வீசிங்குக்கு அதிகபட்சம் 36 மாதம். வீசிங்கைக் காரணம் காட்டி பிரீமியத்தை ஏற்றலாம், விண்ணப்பத்தை நிராகரிக்கவும் செய்யலாம்.

இன்னொரு வரவும் உண்டு. தொடர்ந்து 60 மாதம் காப்பீட்டில் இருந்தவரிடம், ‘நோயை மறைத்துவிட்டீர்கள்’ என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது; மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முதல் 5 லட்சத்துக்கு இந்தப் பாதுகாப்பு அவருக்கு வந்துவிட்டது. கூட்டிய 5 லட்சத்துக்கு 2022-லிருந்து தனியாக எண்ணுவார்கள்.

இந்த வரவை இழக்காமல் மாற இரண்டு வழிகள் உண்டு. அதே நிறுவனத்தில் வேறு பாலிசிக்கு மாறுவது ‘மைக்ரேஷன்’. புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பு, அதாவது ஜூலை 13-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு நிறுவனத்துக்குப் போவது ‘போர்ட்டபிலிட்டி’. அதற்கு 60 முதல் 45 நாள் முன்பு. உங்கள் கணக்கில் ஜூன் 13 முதல் ஜூன் 28 வரை. வீசிங் இருப்பதால் மைக்ரேஷனே நல்லது என்பேன். புதிய நிறுவனத்துக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது.

ஏஜென்ட்டிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இந்த எண்ணுள்ள பாலிசியில் 2017 ஆகஸ்ட் முதல் இடைவெளியின்றி இருக்கும் என் மகனை, ஆகஸ்ட் 12 முதல் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கோருகிறேன். இதுவரை கடந்த காத்திருப்புக் காலத்தைக் கணக்கில் சேர்க்கவும்.’ 2017 முதல் எல்லா வருடத்து பாலிசி ஷெட்யூல்களையும் (பாலிசி விவரப் பக்கம்) இணையுங்கள். புதிய படிவத்திலும் வீசிங்கை மறக்காமல் எழுதுங்கள், இன்ஹேலர் பெயர் உட்பட. காப்பீட்டுத் தொகையை 15 லட்சமாகக் கேட்டால், பழைய வரவு 10 லட்சத்துக்குத்தான். மீதி 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஓடும்.

உங்கள் பாலிசியில் ‘சார்ந்திருக்கும் பிள்ளை’ என்பதன் விளக்கத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். பலரும் வயதை மட்டும் பார்க்கிறார்கள். எல்லா நிறுவனங்களும் தரும் ‘ஆரோக்கிய சஞ்சீவனி’யில், 18 வயதைத் தாண்டிய பிள்ளை சொந்தமாகச் சம்பாதித்தால் அடுத்த புதுப்பித்தலிலிருந்தே தகுதி இல்லை. உங்கள் பாலிசியிலும் அப்படி ஒரு வரி இருந்தால், மகன் வேலைக்குச் சேர்ந்ததை உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். 24 வயதில் வரும் க்ளெய்மில்கூட அந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள்.

குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தோன்றும். வேலையை விட்டால் அதுவும் போய்விடும். சிறிய மருத்துவமனைச் செலவுகளை முதலில் அதில் க்ளெய்ம் செய்யட்டும். சொந்த பாலிசியில், க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குச் சேரும் போனஸ் குறையாது.

மகன் நீங்கியதால் உங்கள் பிரீமியம் பெரிதாக இறங்காது. ஃப்ளோட்டரில் பெரும்பாலும் வீட்டின் மூத்தவர் வயதுதான் கணக்கு. மகனின் பிரீமியத்தை அவர் கணக்கிலிருந்தே கட்டட்டும். பழைய வரி முறையில் இருந்தால் பிரீமியத்துக்கான வருமான வரிக் கழிவு அவருக்கே கிடைக்கும். சம்பாதிக்கும் மகனுக்காக நீங்கள் கட்டினால் அதை நீங்கள் காட்ட முடியாது.

புதிய ஷெட்யூல் வந்ததும் மகன் பெயருக்கு நேரே ‘முதலில் சேர்ந்த தேதி’யைப் பாருங்கள். அங்கே 2017 இருக்க வேண்டும். இந்த வருட ஆகஸ்ட் என்று இருந்தால் அவரைப் புதியவராகச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். புதிய பாலிசி என்றால் கைக்கு வந்து 30 நாள் வரை திருப்பித் தரும் உரிமை உண்டு என்றாலும், திருப்பித் தருவதற்கு முன் திருத்தித் தரச் சொல்லி எழுதுங்கள். தீர்வு வராவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும், எழுதி 30 நாளாகியும் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.