பழைய கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியை எடுக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் சின்னதாகத் தறிக்குடோன் வைத்திருக்கிறேனுங்க. ஆபீசில் 2013இல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 மூன்றாம் தலைமுறை, எச்61 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் கணக்கெழுதும் டேலி திறந்திருக்காது. கடையில், "போர்டு பழசுங்க, எஸ்எஸ்டி எடுக்காது, புது செட்டே எடுத்துருங்க, பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சுல கழிச்சுக்கலாம்" என்கிறார்கள். மகனோ ஆன்லைனில் என்விஎம்இ எஸ்எஸ்டி ஆர்டர் போட்டுவிட்டான், நாளைக்கு வருகிறது. ஆறேழு வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது. போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: எடுக்கும். எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க். எச்61 போர்டில் டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் இருக்கிறது, சாட்டா எஸ்எஸ்டி அதில் அப்படியே பொருந்தும். "எடுக்காது" என்று சொன்னவருக்குத் தெரியாமல் இருக்காது. எஸ்எஸ்டி மாட்டிக் கொடுப்பதில் வரும் லாபத்தைவிடப் புது செட்டில் வருவது அதிகம், அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் கால் பங்கு உண்மையும் உண்டு. உங்கள் போர்டில் இருப்பது இரண்டாம் தலைமுறை சாட்டா. புது போர்டில் நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும் எஸ்எஸ்டி, இதில் ஏறத்தாழ பாதி வேகத்தில்தான் போகும். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் திணறுவது அதனால் இல்லை. ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. கேட்ட இடத்துக்கு ஊசி நகர்ந்து, தட்டு சுற்றி அந்த இடம் ஊசிக்குக் கீழே வந்து சேர 12, 13 மில்லி செகண்ட் ஆகிறது. அப்படியானால் நொடிக்கு எண்பது துண்டு எடுப்பதே பெரிய பாடு. விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு நூல் தாருக்கும் ஆள் பின்கட்டு வரை நடந்து போய் எடுத்து வந்தால் தறி எப்படி ஓடும்? எஸ்எஸ்டியில் அந்த நடையே கிடையாது. பாதி வேகம் என்றாலும் உங்கள் டேலிக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வாங்கவேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. இந்தப் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மகன் ஆர்டர் போட்டிருக்கும் என்விஎம்இ வேறு சாதி. சூயிங்கம் பட்டை மாதிரி நீளமாக இருக்கும். அதற்கு வேண்டிய எம்.2 சொருகு உங்கள் போர்டில் இல்லை. கார்டு ஒன்று போட்டு மாட்டித் தருகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். மாட்டலாம். ஆனால் இந்தப் போர்டில் அதிலிருந்து விண்டோஸ் சாதாரணமாக எழாது. 240 ஜிபி போதும், மனசு கேட்கவில்லை என்றால் 480 வாங்குங்கள். பில்லோடு, கம்பெனி வாரன்டியோடு வாங்குங்கள். பவர் வயர் பற்றவில்லை என்றால் டிவிடி டிரைவில் இருப்பதைக் கழற்றி இதற்குக் கொடுங்கள். கடைசியாக எப்போது டிவிடி போட்டீர்கள்?

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத 2 டிபி டிஸ்க் எதையும் வாங்கிவிடாதீர்கள். அப்படி வந்ததைத் திறந்து பார்த்திருக்கிறேன், உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டிக்கொண்டு இருந்தது. கம்ப்யூட்டரில் 2 டிபி என்றுதான் காட்டும். உண்மையான இடம் நிறைந்ததும் புதிதாக எழுதுவது பழையதை அழிக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமை ஓடவிட்டு டிஸ்க் முழுக்க எழுதிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ரிட்டன் நாள் முடிவதற்குள் பாருங்கள். "புது ஹார்டு டிஸ்க்" என்று கண்காணிப்பு கேமராப் பெட்டியில் ஓடிக் களைத்ததைத் துடைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற புரோகிராமில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' (ஓடின மணி நேரம்) என்ற வரியைப் பாருங்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். 26,000 என்று காட்டினால் மூன்று வருடம் இராப்பகலாக ஓடின சரக்கு. அந்த எண்ணையே பூஜ்யமாக்கித் தருகிற கைகாரர்களும் உண்டு.

இனி எக்ஸ்சேஞ்ச். இதில்தான் எனக்குக் கோபம் வரும். பன்னிரண்டு வருடம் ஓடின 500 ஜிபி டிஸ்க்குக்கு என்ன விலை இருக்கிறது? அதற்குக் கழிக்கிற சில நூறு ரூபாயில் உங்கள் பார்ட்டி பட்டியல், பாங்க் ஸ்டேட்மென்ட், வேலையாட்களின் ஆதார் நகல், பான் கார்டு எல்லாமே கை மாறுகிறது. "ஃபார்மட் பண்ணிட்டோமுங்க" என்பார்கள். சாதாரணமாக வேகமாகப் போடும் ஃபார்மட், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் அழிக்கும், சரக்கு அங்கேயே கிடக்கும். இலவச மென்பொருள் ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன்கூட மீட்டுவிடுவான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் காயலாங்கடையில் செகண்ட்ஹேண்டாக வாங்கின டிஸ்க்கை என்னிடம் கொண்டு வந்தார். அதில் இன்னொரு கம்பெனியின் சம்பளப் பட்டியல் முழுசாக இருந்தது. கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டமே சொல்கிறது. அந்த டிஸ்க் உங்களிடமே இருக்கட்டும்.

கணக்கு போகுமா என்றால், குளோன் செய்தால் போகாது. பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புதியதில் அப்படியே நகலெடுப்பதுதான் குளோன். நிறைந்திருக்கும் அளவு புது டிஸ்க்குக்குள் அடங்கவேண்டும். அதற்கு முன் டேலி பேக்கப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பழைய டிஸ்க்குக்கு மஞ்சள் எச்சரிக்கை காட்டினால், குளோனுக்கு முன் முக்கியமான ஃபோல்டர்களைத் தனியாக எடுங்கள். ஒரிஜினல் விண்டோஸ் என்றால் அதன் லைசென்ஸ் போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றினால் புது கீ வாங்கவேண்டியதில்லை. விற்க வருவார்கள், வாங்காதீர்கள்.

டேலி லைசென்ஸ் மட்டும் அப்படி இல்லை. இதை நிறுத்திப் படியுங்கள். அது அந்த மெஷினோடு பூட்டப்பட்டது. டிஸ்க் மாறினால் வேறு மெஷின் என்று நினைத்து லைசென்ஸ் இல்லாத பயிற்சி நிலையான எஜுகேஷனல் மோடில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் பழைய டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நெட் இருக்கும்போதே, லைசென்ஸ் மெனுவில் 'சரண்டர்' கொடுத்து லைசென்ஸை ஒப்படைத்துவிடுங்கள். புது டிஸ்க்கில் அதே சீரியல் நம்பரைப் போட்டு மறுபடி ஆக்டிவேட் செய்யலாம். அதற்கான சாவி பதிவு செய்த மின்னஞ்சலுக்கு வரும். சிக்கலே அங்கேதான். அந்த மின்னஞ்சல் யாருடையது? வாங்கின அன்று அவசரத்தில் விற்றவர் தன்னுடையதைப் போட்டிருப்பார். இல்லாவிட்டால், அப்போது கணக்கெழுதிய பையனுடையது இருக்கும். அவன் இப்போது பெருந்துறையில் எங்கேயோ வேலை பார்ப்பான், பாஸ்வேர்டு அவனுக்கே நினைவிருக்காது. பணம் கொடுத்து வாங்கின பொருளுக்குச் சாவி இன்னொருத்தன் பையில்! ஆகவே சரண்டருக்கும் முன்பாக, அந்த மின்னஞ்சலை உங்களால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அதை மாற்றி முடிக்கும் வரை ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம். மாத முடிவில், ரிட்டன் போடும் வாரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேபினெட்டைத் திறந்தால் ஃபேன் மேல் பஞ்சு மெத்தை கட்டியிருக்கும். சோமனூர், பல்லடம் மெஷின்களில் இது சாதாரணம். சூடேறினால் புராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எஸ்எஸ்டி போட்டும் பலன் பாதியாகிவிடும். வெளியே தூக்கி வைத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள். கம்ப்ரசர் பைப் வேண்டாம், தண்ணீர் சேர்ந்து வரும். அப்படியே இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராமும் போட்டுவிடுங்கள்.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பொதுவாக ஏற்காது. நன்றாக ஓடுகிற மெஷினைக் காகிதத்தில் கொன்றுவிடுகிறார்கள். கணக்கெழுத, பில் போட இதையே வைத்துக்கொள்ளுங்கள். பாங்க் வேலையை வேறு மெஷினில் பாருங்கள்.

நாளை வரும் பார்சலின் சீலை மகன் உடைப்பதற்குள் ரிட்டன் போடச் சொல்லுங்கள். உடைத்துவிட்டால் திரும்ப எடுப்பார்களா என்பது விற்றவரின் இஷ்டம்.