டென்னிஸிலிருந்து கால்பந்துக்கு இருபது வயதில் மாற முடியுமா?

"என் அக்கா மகளுக்கு இருபது வயது. பத்து வருடமாக டென்னிஸ் ஆடுகிறாள், ஐ.டி.எஃப். (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) தொடர்களிலும் ஆடியிருக்கிறாள். இப்போது கால்பந்துக்குப் போகிறேன் என்கிறாள். இந்த வயதில் அது நடக்குமா, கற்றதெல்லாம் வீணாகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

மாறலாம். ஆனால் பதினொரு பேர் ஆடும் கால்பந்துக்கு நேராகப் போவதைவிட, நடுவில் வலை கட்டிக் காலால் ஆடும் விளையாட்டு ஒன்றை அவள் முதலில் முயன்று பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். இதற்கு நல்ல முன்னுதாரணம் பிரேசிலின் நடாலியா கிட்லர். தொழில்முறை டென்னிஸ் ஆடியவர், அதை விட்டு ஃபுட்வாலிக்கும் பிறகு டெக்பாலுக்கும் வந்து, இரண்டிலும் உலகின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவராகப் பெயர் பெற்றார். ஃபுட்வாலி 1960-களில் ரியோவின் கோபகபானா கடற்கரையில் பிறந்தது. கையைப் பயன்படுத்தாமல், மணலில் அணிக்கு இருவராக ஆடும் கைப்பந்து என்று அதைச் சொல்லலாம். டெக்பால் ஹங்கேரியில் உருவானது. மேசைப்பந்து மேசையைப் போன்ற, ஆனால் இரு முனைகளும் கீழ்நோக்கி வளைந்த மூன்று மீட்டர் மேசையில் கால்பந்தை வைத்து ஆடுவது. பந்தைத் திருப்பி அனுப்ப அதிகபட்சம் மூன்று தொடுகைகள் உண்டு. உடலின் ஒரே பகுதியால் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கூடாது. 12 புள்ளிகள் எடுத்தால் ஒரு செட்.

டென்னிஸ்காரருக்கு இவை ஏன் ஒத்துவருகின்றன என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இரு பாதங்களையும் லேசாக எம்பி ஊன்றும் 'ஸ்பிளிட் ஸ்டெப்' உங்கள் அக்கா மகளுக்கு நினைக்காமலே வரும். பந்து எங்கே குத்தும், குத்தியபின் எவ்வளவு எழும் என்பதை எதிராளியின் தோளையும் இடுப்பையும் பார்த்தே முன்கூட்டி அறியும் கண்ணும் அவளுக்கு வாய்த்திருக்கும். இந்தக் கண்ணைத் தேடித்தான் கால்பந்துப் பயிற்சியாளர்கள் அலைகிறார்கள். டெக்பால் மேசையின் வளைவில் பட்ட பந்து ஆடுபவரை நோக்கிச் சரிந்து வரும்போது, பின்னால் இரண்டடி நகர்ந்து, மார்பில் வாங்கி, தொடையில் ஏற்றி, பாதத்தால் எதிர் மூலைக்கு அனுப்ப வேண்டும். இதில் நகர்வதும் மூலையைத் தேர்ந்தெடுப்பதும் டென்னிஸில் கற்றவையே. ஒற்றையர் ஆட்டத்தில் 4-5 என்று பின்தங்கிய நிலையில், யாரிடமும் யோசனை கேட்காமல் சர்வீஸ் போட்டுப் பழகிய மனமும் கூடவே வரும்.

வராதது பாதத்தின் உணர்வு. மைதானத்துப் பிள்ளைகள் 'லேஸ்ல அடி' என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். ஷூவின் கயிறு கட்டும் இடத்தில் பந்து பட வேண்டும் என்பது அதன் பொருள். டென்னிஸிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் விரல் நுனியால் குத்துவார்கள், பந்து திசை தெரியாமல் பறக்கும். கணுக்காலை இறுக்கிப் பாதத்தை நீட்டிப் பிடிக்கும் பழக்கம் வர ஒரு சுவரும் ஒரு பந்தும் போதும். நாள் தவறாமல் இரண்டு காலாலும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இடது காலைச் சோம்பவிட்டால் டெக்பாலில் பிழைக்க முடியாது.

கையைப் பயன்படுத்தாமல் வலைக்கு மேலே பந்தைக் காலால் அடித்து ஆடும் செபக் தக்ராவும் இதே குடும்பம்தான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் மகளிர் அணி அதில் வெண்கலம் வென்றது. ஆனால் தலைக்கு மேல் காலை வீசி அந்தரத்தில் சுழலும் அந்த ஆட்டத்துக்கு இடுப்பு சிறு வயதிலேயே இளகியிருக்க வேண்டும். இருபதில் தொடங்குவது கடினம். ஃபுட்வாலிக்கோ நல்ல ஆழமான மணல் வேண்டும். வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்கள்தான் அதிகம், ஆனால் மணலும் எங்கே மிச்சமிருக்கிறது? ஆகவே இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும்.

கால்பந்தேதான் வேண்டும் என்று அவள் நின்றால் மதுரை அதற்கும் மோசமான ஊர் அல்ல. 2018-19 இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்.சி. மதுரையைச் சேர்ந்த அணி. தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் பட்டத்தை 2018-லும் 2023-லும் வென்றிருக்கிறது. இதன் மறுபக்கம், பத்து வயதிலிருந்தே கால்பந்து ஆடிய பெண்களோடு போட்டியிட வேண்டும் என்பதே. முன்கள வீராங்கனையாக வருவேன் என்பது பேராசை. கோல்கீப்பர் இடத்தைக் கேட்டுப் பாருங்கள் என்பேன். வேகமாக வரும் பந்தைப் படிக்கும் கண்ணும் பக்கவாட்டில் பாயும் காலும் அங்கே உடனே பயன்படும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர் உள்ள ஐ.டி.எஃப். தொடரில் முதல் சுற்றில் தோற்றால் இருநூறு டாலர்கூடக் கைக்கு வராது. பயணச்சீட்டு, தங்கும் அறை, ராக்கெட் நரம்பு எல்லாம் வீட்டுக் கணக்கில்தான். அந்தச் செலவில் களைத்துப்போன பிள்ளை மாற விரும்பினால் அதைத் தோல்வியாக வீட்டில் பேச வேண்டாம். ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ்லி பார்ட்டி டென்னிஸை விட்டு 2015-இல் பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடப் போனார். மறு ஆண்டே திரும்பி வந்து, 2019-இல் பிரெஞ்சு ஓபனையும் 2021-இல் விம்பிள்டனையும் வென்றார். அரசு வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீடு மனதில் இருந்தால், அவள் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் அரசின் பட்டியலில் இருக்கிறதா என்பதை மாறுவதற்கு முன்பே மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த ஆட்டமானாலும் முழங்காலைக் கவனியுங்கள். கால்பந்தில் முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். டென்னிஸ் ஷூவோடு புல்தரையில் இறங்குவதோ, அடியில் ஸ்டட் என்ற குமிழ்கள் வைத்த பூட்ஸோடு சிமெண்ட் தரையில் ஆடுவதோ கூடாது. ஃபிஃபாவின் '11+' என்ற இருபது நிமிட உடல்தயாரிப்புப் பயிற்சி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் நாளிலிருந்தே அதைச் செய்யட்டும், பின்தொடைத் தசைக்கான பகுதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டிப் போக வேண்டாம்.